டிக் என்று கேட்டேனா

மே 6, செவ்வாய்

நாற்பத்தொன்றாம் பேனல் மதியம் லாரி ஏறிவிட்டது. பிளாஸ்டிக் அரவை மிஷினுக்கான பேனல். மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ஆறடி உயரப் பெட்டி, உள்ளே ஓடும் வயர் எல்லாம் என் கையால் போட்டது. டெஸ்ட் ஷீட்டிலும் முதன்முறையாக என் கையெழுத்து. பன்னிரண்டு வருஷம் வயர் போட்டவளுக்கு இப்போதுதான் ‘சோதித்தவர்’ என்ற கோட்டின் மேல் பேனா வைக்க அனுமதி கிடைத்திருக்கிறது.

ஒரே தடவைதான் பார்த்தேன். இரண்டாம் தடவை பேனல் கதவைத் திறக்கக் கை போனது, பின்னால் இழுத்துக்கொண்டேன். மகளுக்குக் கொடுத்த வாக்கு. மார்ச்சில் ஒருநாள் அவளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகையில், கேஸை மூடினேனா என்று பாதி வழியில் இரண்டு முறை வீட்டுக்குத் திரும்பியதில் அவளுக்குக் கணக்குப் பரீட்சையில் இருபது நிமிஷம் போய்விட்டது. அன்றிலிருந்து ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். நான் எதையாவது இரண்டாம் தடவை சரிபார்த்தால் ஒரு கோடு. இந்த வாரம் மூன்றே கோடு. “தேறிட்டு வர்றம்மா” என்றாள், தலைமையாசிரியை மாதிரி.

மே 7, புதன்

சிவப்பு வயர் பதினொன்றுதான் இருக்கிறது. பன்னிரண்டு இருக்க வேண்டும்.

சோதனை செய்யும்போது எதையாவது தற்காலிகமாக இணைக்க வேண்டுமென்றால் சிவப்பு வயரைத்தான் எடுக்க வேண்டும், வேலை முடிந்ததும் எண்ணி ஆணியில் மாட்ட வேண்டும். எங்கள் ஒர்க்‌ஷாப் வழக்கம். பேனலுக்குள் யாரும் ஒன்றை மறந்து விட்டுவிடக் கூடாது என்பதற்காக. நேற்று நான் எண்ணவில்லை. லாரிக்காரர் விடாமல் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்.

நேற்றுக் காலை சிவப்பு வயர் போட்டது எங்கே? நாற்பத்தொன்றில்தான். ஆக்ஸிலரி பிளாக் என்ற சின்னப் பாகம் இரண்டு வேண்டும் என்று கேட்டதற்கு ஸ்டோர்க்காரர் “இல்ல” என்றார். (அவர் வாயில் முதலில் வருவது அதுதான். இல்லையப்பன் என்று பெயரே வைத்துவிட்டோம்.) அதனால் அந்த இடத்தைச் சிவப்பு வயரால் இணைத்துவிட்டு மற்றச் சோதனைகளைச் செய்தேன். பதினொரு மணிக்குப் பிளாக் வந்தது. மாட்டினேன். வயர்?

எடுத்திருப்பேன்.

எடுத்தேனா?

மே 8, வியாழன்

காலையில் டீ குடிக்கும்போது வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர், அவசரமில்லாமல் கேட்பார்.

மோட்டாருக்குக் கரண்ட் போகிற வழியில் அடுத்தடுத்து இரண்டு காண்டாக்டர் இருக்கும், பெரிய சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மிஷின் மூடியைத் திறந்தால் இரண்டும் விட்டுவிடும், பிளேடு நிற்கும். ஆனால் காண்டாக்டர் சில சமயம் உள்ளே உருகி ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இரண்டு. ஒன்று ஒட்டினாலும் மற்றது விடும். ஒன்று ஒட்டிவிட்ட விஷயத்தை நமக்குச் சொல்ல, ஒவ்வொன்றின் முகத்திலும் தீப்பெட்டி அளவுக்கு ஓர் ஆக்ஸிலரி பிளாக். அது சொல்லிவிட்டால் மிஷின் அடுத்த தடவை கிளம்பாது.

“வாசல்ல செருப்பு கெடந்தா ஆளு உள்ளதான் இருக்கான்னு தெரியுமே, அது மாதிரியா?”

“ஆமா. சிவப்பு வயர் இருந்தா, யாரோ செருப்ப எடுத்து ஒளிச்சு வச்ச மாதிரி.”

“ஒளிச்சா என்ன ஆகும்?”

“ஒண்ணுமே ஆகாது. ஜோரா ஓடும். ரெண்டாவதும் ஒட்டற வரைக்கும்.”

அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. நானே சொன்னேன். மூடி திறந்திருக்கும், பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும். அடைத்துக்கொண்ட பிளாஸ்டிக்கை எடுக்க ஒருத்தி கையை உள்ளே விடுவாள்.

“கேஸயே மூணு தடவ பாக்கறவ நீ. வயர மறந்துடுவியா?” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அன்றைக்கு நான் ஒரு தடவைதானே பார்த்தேன்.

மே 9, வெள்ளி

சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். எதற்கும் “அவசரம்மா, அவசரம்” என்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் அவசரம் சார். சொல்ல ஆரம்பித்ததும் அவர் முகம் வெளுத்ததைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. உடனே பேனல் வாங்கிய கம்பெனிக்குப் போன் போட்டார். மிஷினை நேற்றே ஓட்ட ஆரம்பித்துவிட்டார்களாம். அங்கிருக்கும் எலக்ட்ரீசியன் பேனலைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்பினார்.

சிவப்பு வயர் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தோம். எங்கேயும் இல்லை.

“நிம்மதியா?” என்றார் அவசரம் சார். நிம்மதி என்று தலையாட்டினேன்.

மே 10, சனி

இல்லையப்பனிடம் இருந்தது. வரைபடச் சுருள்களைக் கட்ட நூல் கிடைக்காமல் என் ஆணியிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு போய்க் கட்டியிருக்கிறார். “ஒரு வயருக்கா இத்தன ஆர்ப்பாட்டம்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், காது சுட்டது.

ஃபிரிட்ஜ் தாளில் பதினேழு கோடு. எண்ணிவிட்டு மகள் பேனாவை மூடி வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மே 13, செவ்வாய்

இதை எழுதலாமா என்றே தெரியவில்லை. எழுதினால் உண்மையாகிவிடும் போல இருக்கிறது.

இன்று நாற்பத்திரண்டாம் பேனலுக்கு ஆக்ஸிலரி பிளாக் மாட்டினேன். காண்டாக்டரின் முகத்தில் வைத்து, கட்டைவிரலால் நகர்த்தினால் கடைசியில் ‘டிக்’ என்று உட்காரும். காதில் கேட்கும், விரலிலும் தெரியும். அப்போதுதான் பிளாக்கின் நாக்கு உள்ளே இருக்கும் கட்டையைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டை போனால் இதுவும் போகும், வந்தால் வரும். ‘டிக்’ வராவிட்டால் பிளாக் பார்வைக்கு மாட்டியது போல இருக்கும், எதையும் பிடித்திருக்காது. காண்டாக்டர் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் ‘எல்லாம் சரி, எல்லாம் சரி’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

‘டிக்’ என்றது. கை அப்படியே நின்றுவிட்டது.

நாற்பத்தொன்றில் இந்தச் சத்தம் கேட்டதா?

வலது பிளாக் நன்றாக நினைவிருக்கிறது. இடது பிளாக்குக்கு மேல் வயர்க் குழாய் நெருக்கமாக இருந்தது, கட்டைவிரல் போகவில்லை. ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தள்ளினேன். வெளியே ஹார்ன். கேட்டேனா, கேட்கலையா?

சோதித்தோமே என்றால், என்ன சோதித்தோம்? நாங்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பிளாக்கிலிருந்து வயரைப் பிடுங்குவோம், மிஷின் கிளம்பக் கூடாது. கிளம்பவில்லை. ‘சரி’ என்று எழுதினேன். பிளாக்குக்கு வயர் வந்திருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். பிளாக் வேலை செய்கிறது என்று எங்கே காட்டியது? பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் செய்கிறோம், இன்றைக்குத்தான் இந்த மண்டைக்கு உறைக்கிறது.

மே 14, புதன்

போன வாரம் ஊரைக் கூட்டி ஆயிற்று. மறுபடி போய் என்ன சொல்வது? போட்டோவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இடது பிளாக் வலதைவிட ஒரு நூல் தள்ளி இருக்கிறதா? நிழலா? மகள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். “அம்மா, படம் மாறாதும்மா. எத்தன தடவ பாத்தாலும் அதே படந்தான்.”

காலையில் கதவைப் பூட்டும்போது ஒன்று தோன்றியது. கேஸ் விஷயத்தில் குமிழைத் திருப்பியது என் விரலில் இருக்கும். திருப்பினேன் என்று தெரியும், தெரிந்தும் நம்ப மாட்டேன். அது என் வியாதி. இதில் விரலில் ஒன்றுமே இல்லை. துடைத்து வைத்தது போல இருக்கிறது. இரண்டு பயமும் ஒன்றல்ல.

இல்லை, இதுவும் வியாதியின் புது வேஷமா?

மே 15, வியாழன்

அவசரம் சாரிடம் போனேன்.

“மறுபடியுமா? போன வாரம் வயரு, இந்த வாரம் பிளாக்கா?”

“போட்டோல இடது பிளாக் கொஞ்சம்…”

“டெஸ்ட் ஷீட்ல யாரு கையெழுத்து?”

“என்னோடதுதான் சார்.”

“அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அவங்களுக்கு இன்னொரு தடவ போன் பண்றது? பொருள் அனுப்பிட்டு இது சரியா இருக்கா, அது சரியா இருக்கான்னு வாராவாரம் கேட்டா, அடுத்த ஆர்டர் யாரு குடுப்பா?”

அவர் சொல்வதும் நியாயம்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

“நாளைக்கு லீவு வேணும் சார். உடம்பு சரியில்ல.”

“அதான் தெரியுதே” என்றார்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். மகள் போனைக் கொண்டுவந்து படத்தை விரித்து, தன் ஸ்கேலை எடுத்துத் திரைமேல் வைத்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“எனக்குத் தெரியலம்மா. கோணலா எடுத்திருக்காங்க.”

“பரவால்ல, விடு.”

“நீ போய்ட்டு வா. இதுக்குக் கோடு போட மாட்டேன்.”

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மே 16, வெள்ளி

இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வழியெல்லாம் ஒரே எண்ணம். அந்தப் பிளாக் சரியாக இருந்தால் நான் சரியில்லை. நான் சரியென்றால் பிளாக் சரியில்லை. எது வேணும்னு கேட்டா என்ன சொல்லுவேன்? நான் பைத்தியமாவே இருந்துட்டுப் போறேன், பிளாக் சரியா இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். மனசார வேண்டினேனா என்று கேட்டால் தெரியாது.

ஷெட் முழுக்க உடைந்த வாளி, டப்பா, நாற்காலிக் கால். அரவை மிஷின் கடைசியில். அதை ஓட்டுகிறவளுக்கு ஐம்பது வயது இருக்கும், முழங்கைவரை கையுறை. நான் போனபோது மிஷின் அடைத்துக்கொண்டிருந்தது. அவள் மூடியைத் திறந்தாள். பிளேடு நின்றது. நின்றுவிட்டதா என்று பார்க்கக்கூட இல்லை. தோள்வரை கையை விட்டுத் துழாவி, ஒரு நீலத் துண்டை இழுத்து எறிந்தாள்.

“பேனல் செஞ்சது நான்தான். ஒரு பத்து நிமிஷம் நிறுத்திப் பாக்கணும்” என்றேன்.

“ஓடற மிஷின எதுக்கு நிறுத்தறீங்க? மூடியத் தொறந்தா நின்னுடுது. நல்லாத்தான இருக்கு?”

“நல்லாத்தான் இருக்கும்மா. நல்லா இல்லாட்டியும் இப்படித்தான் இருக்கும்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எலக்ட்ரீசியன் வந்து, “போட்டோ அனுப்பினேனே, பத்தலையா?” என்றார். ஆனாலும் நல்ல மனுஷன். மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட்டுச் சாவியை என் கையிலேயே கொடுத்தார்.

வலது பிளாக்கின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தேன். பீப் என்று ஒலித்தது. இப்போது காண்டாக்டரை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினேன். அழுத்தினால் ஒட்டிக்கொண்டது போல ஆகும், பிளாக் அதைச் சொல்ல வேண்டும். பீப் நின்றது. சரி.

இடது பக்கம். மீட்டர் வைத்தேன். பீப். அழுத்தினேன்.

பீப் நிற்கவில்லை.

விட்டுவிட்டு மறுபடி அழுத்தினேன். நிற்கவில்லை. எலக்ட்ரீசியன் என் கையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை வாங்கித் தானே அழுத்தினார். ஒலித்துக்கொண்டே இருந்தது.

வயர்க் குழாயின் மூடியைக் கழற்றி, இடம் பண்ணி, கட்டைவிரலால் தள்ளினேன். ‘டிக்’. அழுத்தினேன். நின்றது. பத்து தடவை அழுத்தினேன். பத்து தடவையும் நின்றது. யாரும் கோடு போடவில்லை.

“என்னாச்சு?” என்று அவள் கேட்டாள். எலக்ட்ரீசியன் என்னைப் பார்த்தார். சும்மா சர்வீஸ் என்று சொல்லியிருக்கலாம். அவர் காட்டிக்கொடுத்திருக்க மாட்டார்.

“நான் ஒரு பாகத்த சரியா மாட்டாம அனுப்பிட்டேன். உள்ள இருக்கற சுவிட்ச் கெட்டுப்போனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. மூடியத் தொறந்தும் பிளேடு ஓடியிருக்கலாம்.”

“எப்போலேர்ந்து?”

“மொத நாள்லேர்ந்து.”

“எட்டு நாளா கைய விட்டுட்டு இருக்கேன். ஒரு நாளைக்கு இருபது தடவ.” குரல் உயரவே இல்லை. “சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தது யாரு?”

“நான்தான்.”

அவள் கையுறையைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு வெளியே போனாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், யாரிடம் கேட்பது? திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடமிருந்தும் நின்றுகொண்டே வந்தேன்.

மே 17, சனி

நான் பைத்தியம் இல்லை. இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது?

மே 19, திங்கள்

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவசரம் சார் மேசையில் வைத்தேன். படித்தார். கதவைச் சாத்தினார்.

“அதான் சரி பண்ணிட்டியே. பேப்பர்ல எதுக்கு எழுதற?”

“மத்த பேனலும் இப்படித்தானே சார் சோதிச்சோம்? வயரப் பிடுங்கிப் பாத்தோம். யாரும் அழுத்திப் பாக்கல.”

இந்த வருஷம் இதே மாதிரி ஏழு பேனல் போயிருக்கிறது. அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவசரம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கடைசியில் இரண்டு விஷயம் சொன்னார். ஏழு இடத்துக்கும் ஆள் அனுப்புகிறார். டெஸ்ட் ஷீட்டில் இனி நான் கையெழுத்துப் போட வேண்டாம், பிறகு பார்க்கலாம்.

“சரி சார்” என்றேன். நியாயம்தான். ஆனாலும் வலிக்காமல் இல்லை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்து ஒரே ஒரு கையெழுத்துப் போட்டேன், அதுவும் தப்பு.

மே 28, புதன்

ஏழு பேனலும் பார்த்தாயிற்று. ஏழும் சரியாக இருக்கின்றன. ஆக, என்னுடையது ஒன்றுதான். மற்றவர்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது. இல்லையப்பன் மட்டும், “பிளாக்க நான் நேரத்துக்குக் குடுத்திருந்தா உனக்கு இந்த அவதி இல்ல” என்றார். அவர் வாயிலிருந்து இவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம் இதுவரை கேட்டதில்லை.

ஜூன் 9, திங்கள்

டெஸ்ட் ஷீட்டில் புது வரி அச்சாகி வந்திருக்கிறது: ‘காண்டாக்டரை அழுத்தி ஆக்ஸிலரி மாறுகிறதா பார்த்தது.’ கையெழுத்து இன்னும் அவசரம் சாருடையதுதான். இன்று கேஸை இரண்டு தடவை பார்த்தேன். ஒரு கோடு.

ஜூலை 3, வியாழன்

காலை ஒன்பதரைக்கு அவசரம் சார் போனும் கையுமாக ஓடி வந்தார். “நாற்பத்தொண்ணு. மிஷின் கிளம்ப மாட்டேங்குதாம். அந்தம்மா கத்துது, நீயே பேசு.”

காதில் வைத்ததும் கொட்டித் தீர்த்தாள். அடைப்பை எடுத்துவிட்டு மூடியை மூடினாளாம், எத்தனை தடவை பட்டனை அழுத்தியும் கிளம்பவில்லையாம். “என்ன பேனல் செஞ்சீங்க? அன்னிக்கு நீங்க வந்து கை வச்சீங்க, இன்னிக்குப் படுத்துடுச்சு. முன்னாடி நல்லாத்தான ஓடிட்டிருந்துச்சு? ரெண்டு லோடு சும்மா நிக்குது, யாரு பதில் சொல்றது?” அவள் திட்டத் திட்டப் பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

எலக்ட்ரீசியனைக் கூப்பிடச் சொன்னேன். “மொதல்ல மெயின இறக்கிப் பூட்டுங்க. அப்புறம் இடது காண்டாக்டரப் பாருங்க.”

கால்மணி கழித்து அவர் குரல். “ஒட்டிட்டிருக்கு. கரண்ட எடுத்தும் வெளிய வரல. கெட்டியா ஒட்டிடுச்சு.”

பிறகு அவர் அவளிடம் ஏதோ சொல்வது கேட்டது. நீண்ட நேரம் சொன்னார். மறுபடி அவளிடம் போன் வந்தது.

“கொஞ்சம் முன்னாடிதான் கைய விட்டேன்” என்றாள்.

“தெரியும்மா. இன்னொண்ணு விட்டுடுச்சு, அதனால நின்னுச்சு. இது ஒட்டிடுச்சுன்னு தெரிஞ்சுதான் அதுக்கப்புறம் கிளம்பல.”

“அன்னிக்கு நீங்க வரலேன்னா கிளம்பியிருக்கும்.”

“கிளம்பியிருக்கும்.”

“சரி” என்றாள். “வேற ஒண்ணு சீக்கிரம் அனுப்புங்க. லோடு நிக்குது.”

அவசரம் சார் அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மேசைக்குப் போனார், நாற்பத்தெட்டாம் பேனலின் டெஸ்ட் ஷீட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார், பேனாவையும் வைத்தார். அழுத்திப் பார்க்காமல் போட மாட்டேன் என்றேன். “பாத்துட்டே போடு” என்றார்.

ஜூலை 5, சனி

பழைய காண்டாக்டர் பார்சலில் வந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் விரித்துக் கழற்றினேன். மகள் எதிரே உட்கார்ந்து பார்த்தாள், அவள் அப்பா கடையிலிருந்து லென்ஸ் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே மூன்று ஜோடி வெள்ளிப் புள்ளிகள் இருக்க வேண்டும், தொட்டுத் தொட்டு விலகுகிற மாதிரி. இரண்டு ஜோடி உருகி ஒன்றாகிவிட்டிருந்தன. எது மேல், எது கீழ் என்றுகூடத் தெரியவில்லை.

ஸ்க்ரூடிரைவரை நடுவில் கொடுத்து நெம்பினேன். வரவில்லை. வீட்டுக்காரர் நெம்பிப் பார்த்தார், அவருக்கும் வரவில்லை. மகள் இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பினாள். அசையவில்லை.

“அம்மா, அவங்க கை…” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. நான் பேப்பரோடு சேர்த்துச் சுருட்டி எடுத்து வைத்துவிட்டு, மேசையைத் துடைத்து, மூன்று தட்டு வைத்தேன்.